விண்டோஸ் எழவில்லை என்றால்: பழுதுபார்ப்பதா, புதிதாகப் போடுவதா?

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகக் கணக்கை நான் பார்த்து வருகிறேன். கடந்த டிசம்பரில், பழம் பறிப்பு மும்முரமாக நடந்த வாரத்தில், அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் கணினியின் ஆன்டிவைரஸ் ‘3 ஆபத்துகள் நீக்கப்பட்டன’ என்று காட்டியது. மூன்றும் விண்டோஸின் முக்கியக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 கோப்புறையில் இருந்தவை. மறுநாள் காலை விண்டோஸ் 11 எழவில்லை. நீலத்திரை வந்து, தானே மறுபடி தொடங்கி, திரும்பவும் நீலத்திரையிலேயே நின்றது.

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டபோது, “கொண்டு வாங்க சார், ஓ.எஸ். போட்டுக் குடுத்துடறேன், ஒரு மணி நேர வேலை” என்றார்கள். புதிதாகப் போடுவதன் பலம் அதுதான்: வேகம், நிச்சயம், யாருக்கும் தனி அறிவு தேவையில்லை. விண்டோஸிலேயே உள்ள ரீசெட் வசதியில் நம் கோப்புகளை வைத்துக்கொள்ளும்படி தேர்ந்தெடுத்தால் ஆவணங்களும் படங்களும் தப்பிவிடும். ஆனாலும் நான் பழுதுபார்க்கும் வழியையே எடுத்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

காரணம் ஒன்றுதான். புதிதாகப் போடுகிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை; உண்மையில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ரீசெட் ஆவணங்களை விட்டுவைத்தாலும், நாம் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தையும் எடுத்துவிடுகிறது. எங்கள் கணக்கு மென்பொருளின் உரிமத்தை மறுபடி உயிர்ப்பிக்க, முதலாளியின் மின்னஞ்சலுக்கு வரும் எண் வேண்டும். அவர் அப்போது வெளியூரில் இருந்தார். எடை மெஷினைக் கணினியோடு இணைக்கும் கேபிளின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) எப்போதோ ஒரு குறுந்தகட்டில் வந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எங்கள் ரசீதுத் தாளுக்கென்று அளந்து வைத்த அளவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தொழிலாளர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய நேரத்தில் இவை ஒவ்வொன்றையும் தேடி அலைவதை நினைத்துப் பார்த்தே முடிவு செய்தேன்.

பழுதுபார்ப்பு இப்படி நடந்தது. விண்டோஸ் தொடர்ந்து சில முறை எழத் தவறியதும் தானே மீட்புத் திரைக்கு வந்தது. அங்கிருந்து கட்டளைச் சாளரத்தைத் திறந்தேன். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், கோப்புப் பட்டியலைக் கேட்டு விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டேன்; சி-யில் இருக்க வேண்டியது டி-யில் இருந்தது. பிறகு அந்த டிரைவைச் சுட்டி, சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்.எஃப்.சி. கருவியை ஓட்டினேன். சிஸ்டம்32-இல் காணாமல் போன கோப்புகளுக்கான நகலை அது வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கிலிருந்து எடுத்து வைக்கும். எனக்கு 2 கோப்புகள் திரும்பின, ஒன்று திரும்பவில்லை. ஆன்டிவைரஸ் முழு டிஸ்கையும் சோதித்ததில் கிடங்கில் இருந்த நகலையும் சேர்த்தே தூக்கியிருந்தது. அந்த நிலையில், கிடங்கையே பழுதுபார்க்கும் டிஸ்ம் கருவிக்கு, அதே பதிப்பைச் சேர்ந்த நிறுவல் கோப்பை மூலமாகக் காட்ட வேண்டும். அது 5 ஜி.பி.க்கு மேல், தோட்டத்து இணையத்தில் இறக்க முடியாது. சேலம் அழகாபுரத்தில் இருக்கும் அக்கா மகன் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பேருந்து நடத்துனரிடம் கொடுத்தனுப்ப, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மாலையில் வந்து சேர்ந்தது. இரவு எட்டு மணிக்கு விண்டோஸ் எழுந்தது. முதலில், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடிலேயே எழுப்பி, அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் நீக்கும் கருவியால் அதை எடுத்த பிறகுதான் வழக்கம்போல் தொடங்கினேன். இல்லாவிட்டால் திருப்பி வைத்த கோப்புகளை அது மறுபடி தூக்கியிருக்கும்.

ஆக, எனக்கு ஒரு பகல் முழுதும் போனது. கடைக்காரர் சொன்ன ஒரு மணி நேரத்தோடு அதை ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் மறுநாள் காலை எடை மெஷினும் செக்ரோலும் இருந்தபடியே இருந்தன.

இந்த வழி, ஆன்டிவைரஸ் நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகப் பிடித்திருந்தால் மட்டுமே பொருந்தும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் முக்கியக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸ் என்று தவறாகப் பிடித்து உலகெங்கும் கணினிகளை முடக்கியது. இத்தகைய தவறு புதிதல்ல. ஆனால் உண்மையிலேயே வைரஸ் புகுந்து சிஸ்டம் கோப்புகளைக் கெடுத்திருந்தால், நான் தயங்காமல் தரவை மட்டும் வெளியே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவேன். அங்கே ஒட்டுப்போட்ட விண்டோஸை நம்பக் கூடாது. டிஸ்கே பழுதாகும் நிலையில் இருந்தாலும் அப்படித்தான்.

நான் இந்த வழியில் மீட்டது இந்த ஒரு கணினியை மட்டுமே. பிட்லாக்கர் பூட்டு (டிஸ்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி செய்யும் விண்டோஸ் வசதி) போட்ட கணினியில் செய்து பார்த்ததில்லை. அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். எங்கள் கணினியில் பூட்டு இல்லாதது அன்று வசதியாகப் போயிற்று. அந்தப் பென்டிரைவை அழிக்காமல், உரிம எண்ணும் ரசீதுத் தாளின் அளவும் எழுதிய ஒரு சீட்டோடு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.