சன்ஸ்கிரீனா, முழுக்கை சட்டையா? ரெண்டு கத்திரி வெயிலில் நான் கண்டது

போன வருஷக் கத்திரிக்கு சன்ஸ்கிரீன், இந்த வருஷம் முழுக்கை சட்டையும் குடையும். காட்பாடியிலிருந்து குடியாத்தம் வரை வசூலுக்கு வண்டியில் சுற்றுகிற ஆள் நான், பாதி நாள் ரோட்டில்தான். என் ஓட்டு சட்டைக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சன்ஸ்கிரீன் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஒழுங்காகத் தடவினால், ட்யூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால், தோலைச் சுடும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. ஆனால் அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். நான் முதல் மாதம் பட்டாணி அளவு தடவிக்கொண்டு பெருமையாகத் திரிந்தேன். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்தால் அதற்கும் முன்பே, மறுபடி தடவ வேண்டும். நம்ம ஊரில் மே மாதம் வியர்க்காத நேரம் எது? சரியான அளவில் நாளைக்கு மூன்று முறை என்று ஆரம்பித்ததும் 50 கிராம் ட்யூப் ரெண்டு வாரத்தைத் தாண்டவில்லை, அதுவும் கையைக் கணக்கில் சேர்க்காமல். பள்ளிகொண்டா டீக்கடை வாசலில் ரோட்டுப் புழுதி படிந்த முகத்தின் மேலேயே ரெண்டாவது பூச்சு பூசிவிட்டு அதே கையால் வசூல் நோட்டைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கறை. மூன்றாவது வாரம் மதியப் பூச்சை விட்டுவிட்டேன். மதியம்தான் தேவையே.

சட்டையை காலையில் மாட்டினால் ராத்திரி கழற்றுவதோடு சரி. பராமரிப்பு என்றால் துவைப்பதுதான், அது எப்படியும் உண்டு. ஆனால் எந்தச் சட்டை என்று பார்க்க வேண்டும். மெல்லிய வெள்ளைச் சட்டை சூட்டுக்கு சுகம், புற ஊதாக் கதிருக்கு அது கொசுவலை மாதிரி. நனைந்தால் இன்னும் மோசம். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியக்கூடாது. நெருக்கமான நெசவு, அடர்ந்த நிறம், தொளதொளப்பான தையல். கொஞ்சம் புழுங்கும், அதை மறைக்கவில்லை. குடை வண்டியில் உதவாது, இறங்கி நடக்கும்போது மட்டும்தான். சிமெண்ட் தரையிலிருந்து எதிரொளிப்பதை அதுவும் தடுக்காது.

இன்னொன்று, சூடு வேறு, இந்தக் கதிர் வேறு. மூன்று மணிக்குத்தான் அனல் அடிக்கும், ஆனால் கதிர் உச்சத்தில் இருப்பது நம்ம ஊரில் 12 மணியை ஒட்டி. நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் உஷாராக வேண்டும்.

இவ்வளவு பேசினாலும், நம் மாநிறத் தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைவுதான். இங்கே பெரிய ஆபத்து வாய். புகையிலை மட்டுமில்லை, புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு புற்றுநோய்க் காரணி என்றே வைத்திருக்கிறது. புளியமர நிழலில் நின்று பீடி பற்றவைப்பவர் சட்டையா ட்யூபா என்று யோசிப்பது வீண் வேலை. கருப்புத் தோலில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோதான் வருகிறது, அதை ரெண்டுமே தடுக்காது. கால் கழுவும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

ட்யூபைத் தூக்கி எறியவில்லை. மூக்கு, காது, ஹேண்டில் பிடிக்கிற புறங்கை, இங்கெல்லாம் சட்டை எட்டாது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு ரெண்டுமே வேண்டும். நான் சட்டையோடு பார்த்தது ஒரே ஒரு கோடை, அதையும் மனதில் வையுங்கள்.

வேலூர் லாங் பஜாரில் துணி எடுத்து, காலரைக் கொஞ்சம் தூக்கி வைத்து மூன்று சட்டை தைக்கக் கொடுத்தேன், மூன்றும் கருநீலம். தையல்காரர் அளவெடுத்துக்கொண்டே கேட்டார்: "கார்த்திகைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கே சார், அதுக்குள்ள மாலையா?"