88 வயசுல ரூபின்ஸ்டைன் வாசிச்ச பீத்தோவன், அஞ்சு கான்செர்ட்டோவும்

இந்த செட்ட பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, போன வாரம் ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிட்டு நாலாவது கான்செர்ட்டோவ (ஆர்கெஸ்ட்ராவோட சேந்து ஒரு பியானோக்காரர் வாசிக்கிற பெரிய உருப்படி) திரும்ப போட்டேன், போட்டதும் சரி இன்னிக்கே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

பியானோக்காரர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1887ல பிறந்தவர், ஊரு இன்னிக்கு போலந்துல இருக்குற வூச். பீத்தோவனோட அஞ்சு பியானோ கான்செர்ட்டோவையும் மூணு தடவ முழுசா ரெக்கார்ட் பண்ணிருக்கார். 1956ல யோசஃப் க்ரிப்ஸ் கண்டக்ட் பண்ண, அறுபதுகள்ல லைன்ஸ்டார்ஃப் கண்டக்ட் பண்ண பாஸ்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோட, கடைசியா 1975ல லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட. நான் சொல்றது இந்த கடைசி செட்ட. அப்ப அவருக்கு 88 வயசு, கண்டக்ட் பண்ண டேனியல் பாரன்பாய்முக்கு 32. பாரன்பாய்ம் பியானோக்காரரும் கூட, இதே அஞ்சையும் 1967லயே க்ளெம்பரர் கண்டக்ட் பண்ண அவர் பியானோ வாசிச்சு ரெக்கார்ட் பண்ணியாச்சு. அதனால எந்த எடத்துல பியானோ வாசிக்கிறவர் ஒரு மூச்சு விடுவார், எந்த எடத்துல ஆர்கெஸ்ட்ரா காத்திருக்கணும்னு அவருக்கு விரல்லயே தெரியும், அது இந்த ரெக்கார்டிங் பூரா கேக்குது.

முதல்ல போட்டதும் எல்லாருக்கும் படுறது காலப்பிரமாணம்தான். நிதானம்னா அப்படி ஒரு நிதானம். வயசாயிடுச்சு வெரல் ஓடல அதான் மெதுவா வாசிக்கிறார்னு ஒரு நண்பர் சொன்னார், எனக்கு அது சரியா படல. வெரல் ஓடாதவங்க மெதுவா வாசிச்சா ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல காலியா இருக்கும், இங்க அந்த எடம் காலியா இல்ல, ஒரு ஸ்வரம் முழுசா ஒலிச்சு முடிச்சு அதோட வால்ல இருந்து அடுத்தது பிறக்குது.

நாலாவது கான்செர்ட்டோவ எடுத்துக்கோங்க. அந்தக் காலத்துல முதல்ல ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும், பியானோ பின்னாடி வரும், அதான் வழக்கம். பீத்தோவன் இதுல பியானோவ தனியா, சத்தமே இல்லாம அஞ்சே பார் (தாளத்துல ஒரு சுத்து மாதிரி) வாசிக்க வச்சு ஆரம்பிக்கிறார். ரூபின்ஸ்டைன் அந்த அஞ்சு பார வாசிக்கிறத கேட்டா யாரோ பக்கத்துல உக்காந்து மெதுவா பேச ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் மாதிரி தந்தி வாத்தியங்கள், எங்கயோ தூரத்துல, எதிர்பாக்காத வேற ஒரு சுருதில பதில் சொல்லும்.

ரெண்டாவது மூவ்மென்ட், அதாவது ரெண்டாவது பகுதி, இன்னும் மேல. ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் ஒண்ணா சேந்து கோவமா அதட்டுது, பியானோ அடங்கின குரல்ல பதில் சொல்லுது, திரும்ப அதட்டல், திரும்ப பதில், கொஞ்சம் கொஞ்சமா அதட்டல் தணிஞ்சு ஒண்ணுமில்லாம போயிடும். நெறைய பேர் இந்த பதில்கள சோகமா, கெஞ்சுற மாதிரி வாசிப்பாங்க. ரூபின்ஸ்டைன் கெஞ்சல, நிமிந்து உக்காந்து பொறுமையா சொல்றார், எதிராளி அடங்குற வரைக்கும் அவர் குரல் மாறவே இல்ல. கடைசில ஒரு நீளமான ட்ரில் (பக்கத்து பக்கத்து ரெண்டு ஸ்வரத்த மாத்தி மாத்தி வேகமா வாசிக்கிறது) வரும் பாருங்க, இந்த மூவ்மென்ட்ல பியானோ சத்தமா வெடிக்கிற ஒரே எடம் அதுதான், அங்க எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டைய அடைச்சிடும்.

அஞ்சாவது, எம்பரர்னு பேரு வாங்கினது. ஆரம்பத்துல ஆர்கெஸ்ட்ராவோட மூணு பெரிய கார்ட் (பல ஸ்வரம் ஒரே நேரத்துல ஒலிக்கிறது), ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பியானோ அருவி மாதிரி கொட்டும். 1956ல இந்த எடத்துல அவர் பறக்குறார், இங்க பறக்கல, கொட்டுற தண்ணில ஒவ்வொரு துளியும் தனியா கண்ணுக்கு தெரியுது. அடாஜியோ, அதாவது மெதுவான ரெண்டாவது மூவ்மென்ட், முடிவுல எல்லாம் ஒரு அரை ஸ்வரம் கீழ எறங்கி, ஹார்ன் அந்த ஒரு ஸ்வரத்த பிடிச்சிட்டு நிக்க, பியானோ அடுத்த மூவ்மென்ட்டோட ட்யூன அப்படியே மெதுவா தொட்டு பாத்துட்டு சட்டுனு பாய்ஞ்சிடும். அந்த தொட்டு பாக்குற நேரம் இருக்கே, அவ்ளோ ஆசையா வேற யாரும் வாசிச்சு நான் கேட்டதில்ல. கடைசி பக்கத்துல டிம்பனிங்கிற பெரிய முரசும் பியானோவும் மட்டும் சேந்து தேஞ்சு தேஞ்சு அடங்குற எடத்துலயும் பாரன்பாய்ம் அவசரப்படுத்தவே இல்ல.

மூணாவது கான்செர்ட்டோவுல லார்கோ, அதாவது மெதுவான நடு மூவ்மென்ட், அருமை, மத்த ரெண்டு மூவ்மென்ட்டும் பரவால்ல.

முதல் ரெண்டு கான்செர்ட்டோவுக்கு மட்டும் இந்த செட்ட நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அது இளைஞரா இருந்த பீத்தோவன் எழுதினது, கடைசி மூவ்மென்ட்டா வர்ற ரோண்டோ (ஒரே ட்யூன் திரும்ப திரும்ப வர்றது) எல்லாம் துள்ளணும், இங்க அந்த துள்ளல் இல்ல, ஆர்கெஸ்ட்ராவும் கனமா இருக்கு. வேகமான ஓட்டங்கள்ல பழைய பளபளப்பும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. அதுக்கு க்ரிப்ஸ் செட்டுக்கே போயிடுங்க.

இன்னொண்ணு சொல்லணும். இந்த ரெக்கார்டிங் சமயத்துல ரூபின்ஸ்டைனுக்கு கண்பார்வை போயிட்டே இருந்துச்சு, நேரா பாத்தா தெரியாது, ஓரப்பார்வை மட்டும்தான். அடுத்த வருஷமே, 1976ல, லண்டன் விக்மோர் ஹால்ல கடைசி கச்சேரி வாசிச்சுட்டு மேடைய விட்டு எறங்கிட்டார். 1982ல 95 வயசுல காலமானார். இந்த செட்டுக்கு 1977ல சிறந்த க்ளாசிக்கல் ஆல்பம்னு கிராமி குடுத்தாங்க. அதே 1975ல ஆந்த்ரே ப்ரெவின் கண்டக்ட் பண்ண ரூபின்ஸ்டைன் வாசிச்ச கச்சேரி வீடியோவும் இருக்கு, கெடச்சா பாருங்க, முதுக வளைக்காம, மூஞ்சில ஒரு அசைவும் இல்லாம உக்காந்து அந்த சத்தத்த எடுக்குறார்.

கேக்க போறவங்களுக்கு ஒரு விஷயம். நான் முதல்ல கேட்ட ஆப்புல ட்ராக்குக்கு ட்ராக் ரெண்டு செகண்ட் கேப் விழுந்துச்சு, நான் மேல சொன்ன அந்த ஹார்ன் நிக்கிற எடமே அதுல நாசமா போச்சு, கடுப்பாயிட்டேன். நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் ரெண்டாவது மூவ்மென்ட் நிக்காம மூணாவதுக்குள்ள போகணும். செட்டிங்ஸ்ல கேப்லெஸ் (ட்ராக் நடுவுல இடைவெளி விழாம ஓட்டுறது) ஆன் பண்ணிட்டு கேளுங்க, இல்லனா சிடி வாங்கிடுங்க. நாலாவதுல ஆரம்பிங்க, மறுநாள் எம்பரர், ரெண்டையும் ஒரே ராத்திரில கேக்காதீங்க.