காட்பாடியில் நடக்கும் வார இறுதி இயற்பியல் வகுப்பு: ஒரு மதிப்பீடு

முதுகலை ஆசிரியர் பணிக்காக ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் தேர்வின் 150 வினாக்களில் 110 வினாக்கள் முதன்மைப் பாடத்திலிருந்து வருகின்றன. இயற்பியலை எடுத்துக்கொண்டவர்களில் பலர் அலைகள், காந்தவியல், கணித இயற்பியல் ஆகியவற்றை மூன்று தனிக் குறிப்பேடுகளாக மனப்பாடம் செய்துவிட்டு, ஒன்றில் படித்தது மற்றொன்றின் வடிவில் கேட்கப்படும்போது திகைத்து நிற்கிறார்கள். காட்பாடி காந்தி நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் வகுப்பு, இம்மூன்றையும் ஒரே பாடமாகக் கற்பிக்கிறது. அதை முழுமையாகக் கேட்டவன் என்ற முறையில், குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வந்து சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அலைப் பகுதி ஒரு சுரமானியில், அதாவது எடை தொங்கவிட்டு இழுத்த கம்பியைத் தாங்கும் மரப்பெட்டியில், தொடங்குகிறது. 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின்மேல் ஊன்றுகிறார். கம்பியின் நீளம் சரியாக அமைந்த கணத்தில், அதன்மேல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழுகிறது. அதே நீளத்தில் 512 ஹெர்ட்ஸ் கவையோடு ஒத்ததிர வேண்டுமானால் தொங்கும் எடையை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை மாணவர்களே செய்து காண்கிறார்கள். அலைவேகம் இழுவிசையின் இருமடி மூலத்தைப் பொறுத்தது என்பது அதன் பிறகுதான் கரும்பலகைக்கு வருகிறது.

அடுத்த படியே இந்த வகுப்பின் உயிர். அலைச் சமன்பாட்டில் ஏன் இரண்டாம் வகைக்கெழு வருகிறது, முதல் வகைக்கெழு ஏன் போதாது என்று கேட்டுவிட்டு, கம்பியின் ஒரு சிறு துண்டை மட்டும் வரைகிறார். அத்துண்டு நேராகச் சாய்ந்திருந்தால் இரு முனைகளிலும் உள்ள இழுவிசைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும்; வளைந்திருந்தால் மட்டுமே மிச்ச விசை இருக்கும். சாய்வு மாறும் வீதமே வளைவு என்பதால், முடுக்கத்துக்குக் காரணம் இரண்டாம் வகைக்கெழு என்பது தானாக விளங்குகிறது. 1747இல் தாலம்பேர் எழுதிய சமன்பாட்டைப் பல ஆண்டுகள் தேர்வுக்காக எழுதிவந்த எனக்கு, அதன் இருபுறமும் என்ன சொல்கின்றன என்பது அந்தப் படத்தில்தான் புரிந்தது.

அதிரும் பொருளின் விளிம்பு அசையாது என்பது போன்ற எல்லை நிபந்தனைகளுக்கு அவர் எடுத்துக்கொள்வது மிருதங்கம். சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் அதிர்வெண்கள் பெசல் சார்பு என்ற கணிதச் சார்பு சுழியாகும் இடங்களால் தீர்மானிக்கப்படுகின்றன. அவை 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் விழுவதால் முழு எண் மடங்குகளாக இருப்பதில்லை, ஆகவே அத்தோலில் சுருதி தெளிவாக நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கருமையாகப் பூசிய சோறு, நடுப்பகுதியின் நிறையைக் கூட்டி, அந்த விகிதங்களைச் சீரிசைகளுக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறது. சர் சி.வி. ராமன் இதைப் பற்றி 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். பெசல் சார்பு என்றால் தொடர் விரிவாக்கத்தை மட்டும் ஒப்பித்துவந்தவர்களுக்கு, அது காதில் கேட்கும் ஒன்று என்று உணர்த்த இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு நம் ஊரில் கிடைக்காது.

காந்தவியலில், மின்சுருளின் நடுவே காந்த ஊசி வைத்த டேஞ்சன்ட் கால்வனாமீட்டரைக் கொண்டு புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூற்றை அளக்க வைக்கிறார். இங்கே அது ஏறத்தாழ 4 × 10⁻⁵ டெஸ்லா. சோதனைக்கு முன் இரும்பு நாற்காலிகள் அனைத்தும் வெளியேற்றப்படுகின்றன. விலக்கம் 45 பாகைக்கு அருகில் இருக்க வேண்டும் என்று ஆய்வகக் கையேடுகள் விதியாகச் சொல்வதை இவர் வகையீடு செய்து காட்டுகிறார்: சார்பிழை, இருமடங்குக் கோணத்தின் சைன் மதிப்புக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அந்த மதிப்பு உச்சமாகும் 45 பாகையில் பிழை மிகக் குறைகிறது. அதன் பின், ஒரு புலம் ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு விரிகிறது என்று சொல்லும் டைவர்ஜென்ஸ், எவ்வளவு சுழல்கிறது என்று சொல்லும் கர்ல் இரண்டும் வருகின்றன. காந்தத்துக்குத் தனி முனை இல்லை என்பதன் கணித வடிவமே காந்தப் புலத்தின் டைவர்ஜென்ஸ் சுழி என்பது. 1820இல் ஏர்ஸ்டெட் கண்ட ஊசி விலக்கம் ஆம்பியர் விதியின் கர்ல் ஆகிறது. 1831இல் ஃபாரடே கண்ட தூண்டல் மற்றொரு கர்ல் ஆகிறது. வெற்றிடத்துக்கான சமன்பாடுகளில் மறுமுறை கர்ல் எடுக்கும்போது, சுரமானிக் கம்பிக்கு எழுதிய அதே அலைச் சமன்பாடு கரும்பலகையில் உருவாகிறது. வெற்றிடத்தின் காந்த, மின் மாறிலிகளான μ₀, ε₀ இரண்டின் பெருக்கற்பலனுக்கு இருமடி மூலம் கண்டு தலைகீழாக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர் கிடைக்கிறது. அந்தக் கணக்கை அவர் போட்டுக்காட்டுவதில்லை, ஒவ்வொருவரையும் போடச் சொல்லிக் காத்திருக்கிறார். விடை ஒளியின் வேகம் என்று தெரிந்தே கணக்கிட்டாலும், காந்தமும் ஒளியும் ஒரே சமன்பாட்டில் வந்து நிற்பதைத் தம் கையால் எழுதிப் பார்ப்பது வேறு அனுபவம்.

குறைகளும் உண்டு. காந்தப் பொருள்கள் பகுதி இத்தரத்தில் இல்லை. டயா, பாரா, ஃபெர்ரோ வகைகளும் கியூரி விதியும் பட்டியலாகவே வந்து போகின்றன, காந்தமாக்கலும் காந்தநீக்கமும் வெவ்வேறு பாதையில் செல்வதால் வரைபடத்தில் உருவாகும் காந்தத் தயக்கக் கண்ணியின் பரப்பு ஏன் ஆற்றல் இழப்பைக் குறிக்கிறது என்பதற்குக்கூட விளக்கம் சுருக்கமாகவே கிடைத்தது. கலப்பெண் சார்புகளின் தொகையீடு அவசரமாக முடிக்கப்பட்டது. அத்தொகையீட்டுக்குப் பயன்படும் எச்சத் தேற்றத்திலிருந்து வினாக்கள் வரக்கூடியதால், இப்பகுதியை நாமே தனியாகப் பயில வேண்டியிருக்கிறது. குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுகின்றன. வகுப்பில் அத்தனை அழகாகத் தமிழில் விளக்குபவர் குறிப்புகளையும் அவ்வாறே தந்தால், தமிழ்வழியில் படித்துவந்த அணைக்கட்டு, ஜவ்வாது மலைப் பகுதிப் பிள்ளைகள் வீட்டில் திருப்பிப் பார்க்க எளிதாக இருக்கும். தகர ஷீட் வேய்ந்த மாடி என்பதால், கோடையில் பிற்பகல் வகுப்பு கடினம்.

மாதக் கட்டணம் மற்ற மையங்களைவிடச் சற்று அதிகம், மாதிரித் தேர்வுகளோ குறைவு. தேர்வுக்கு இரண்டு மாதமே இருப்பவர்கள் இங்கே சேர்வதால் பயன் இல்லை. வினா வங்கிப் பயிற்சி தரும் இடத்தையே அவர்கள் நாட வேண்டும். ஓராண்டு கையில் இருப்பவர்களும், இளநிலை முதலாண்டு மாணவர்களும் தயங்காமல் சேரலாம். முழுப் பாடத்தையும் எடுக்க இயலாதவர்கள், சுரமானியிலிருந்து அலைச் சமன்பாடு வரையிலான வகுப்புகளுக்கு மட்டுமாவது அனுமதி கேட்டுப் பார்க்கலாம், அவர் மறுப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து ரயிலில் வருபவர்களுக்குக் காலை வகுப்பே ஏற்றது, வெயிலுக்கு முன் சோதனைகளும் அப்போதுதான் நடக்கின்றன.