மடங்க மறுக்கும் முழங்கை: ஸ்பிரிங்கா, திருகா?

எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்லும். ஆனால் சோற்றை அள்ளிய கை வாய்க்கு எட்டாது. கட்டுமானத் தளத்தில் விழுந்து முழங்கை ஒடிந்த நம் ஊழியர்கள் பலருக்கு இதுதான் நிலை. உடற்பயிற்சி மட்டும் போதாதபோது சிகிச்சையாளர் ஸ்பிளிண்ட் தருவார்; கையில் பட்டையால் கட்டி, இறுகிய மூட்டைத் தளர்த்தும் கருவி அது. அதில் எது நல்லது?

ஸ்பிரிங் வகை, மூட்டை ஓயாமல் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போட வேண்டும் என்பதால் இரவுதான் அதற்குத் தோது. திருகு வகையோ, மூட்டு போகும் எல்லையில் கையை நிறுத்திவைக்கும். சுற்றியுள்ள திசு தளர்ந்ததும் நாமே திருகை இன்னும் சற்று முறுக்க வேண்டும். அரை மணி நேரம் வீதம் நாளுக்கு 3 தடவை போதும்.

இரண்டையும் 66 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் மடக்கி நீட்டும் அளவு ஸ்பிரிங் வகையில் சராசரியாக 47 டிகிரியும், திருகு வகையில் 49 டிகிரியும் கூடியிருந்தது. பலனில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் நம் அன்றாடம்தான் தீர்மானிக்க வேண்டும். பலர் சேர்ந்து படுக்கும் தங்கும் விடுதி அறையில், சிங்கப்பூரின் புழுக்கத்தில், பட்டைக்கடியில் வியர்த்து அரிக்கும்போது விடியும்வரை அதைப் போட்டிருப்பது பெரும்பாடு. அதனால் என் ஓட்டு திருகுக்கே. ஒன்று மட்டும்: பொறுமை வேண்டும். இழுப்பது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கி முறுக்கினால் மூட்டு வீங்கி, முன்பைவிட இறுகிவிடும். அவசரக்காரர்களுக்கு ஸ்பிரிங்கே பாதுகாப்பு.

விரலின் நடு மூட்டு நீட்ட முடியாமல் வளைந்து நின்றால் கதை வேறு. அங்கே கழற்ற முடியாத மாவுக்கட்டுக்கே நான் முதலிடம் தருவேன். 1994இல் வந்த ஓர் ஆய்வில் 3 நாள் கட்டு, மூட்டு நீளும் அளவை 3 டிகிரி கூட்டித் தந்தது. 6 நாள் கட்டு 5.3 டிகிரி தந்தது. நீட்டிய நிலையில் எத்தனை நேரம் இருந்தது என்பதே கணக்கு. ஆனால் கட்டு இருக்கும்வரை அந்த மூட்டை மடக்க முடியாது என்பதால், மடக்கும் திறன் குறைகிறதா என்று சிகிச்சையாளர் கட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பார்.

எதைப் போட்டாலும், கழற்றி அரை மணி நேரமாகியும் தோல் சிவப்பு மறையவில்லை என்றால் சிகிச்சையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் பட்ட காயமென்றால், சட்டம் வகுத்த உச்சவரம்புவரை மருத்துவச் செலவு முதலாளியுடையது. விலையைக் கேட்டு மலைத்துத் திரும்பிவிடாதீர்கள்.