இடி இடித்தால் நீலத் திரை: மூன்று வருடம் பழகிய சவுண்ட் கார்டு

"அண்ணே, நீங்க வச்சிருக்கிற யூஎஸ்பி சவுண்ட் கார்டு விலை இறங்கிருச்சு, வாங்கலாமா?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டார்.

மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்புகிற இந்தக் கார்டின் ஒலியில் குறை சொல்லவே மாட்டேன். மூன்று வருடத்துக்கு முன் கோலாலம்பூரின் லோயாட் கணினி மாலில் வாங்கியது. செந்தூலில் ஒரு பாட்டி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துப் பாட்டுகளை எனக்காகப் பாடுகிறார். வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடப் பதிவில் சுத்தமாகக் கேட்கிறது.

கோளாறு அதன் டிரைவரில், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளில். கோலாலம்பூரின் மாலை மழை தெரிந்ததுதானே. இடி கேட்டதும் சுவரிலுள்ள பிளக்கை எல்லாம் பிடுங்கிவிடுவோம். மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ஆனால் கார்டுக்கு மின்சாரம் வருவது அடாப்டரில். அது நின்றதும் விண்டோஸ் டிரைவரை நினைவகத்திலிருந்து வெளியேற்றும். சில விநாடியில் நீலத் திரை, விண்டோஸே விழுந்துவிடும். போன மாதம் பாட்டி நாற்பது நிமிடம் பாடியதைச் சேமிப்பதற்குள் இப்படித்தான் போனது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரையில் வந்த வாசகம், 'டிரைவர் அன்லோடட் வித்தவுட் கேன்சலிங் பெண்டிங் ஆபரேஷன்ஸ்'. விழும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்பை விண்டிபக் என்ற ஆய்வுக் கருவியில் திறந்தால் கார்டின் டிரைவர் பெயரே நின்றது. தான் தொடங்கிவைத்த வேலைகளை ரத்து செய்யாமலே அது வெளியேறிவிடுகிறது. பாக்கியிருந்த டைமரோ வேறு வேலையோ பிறகு பழைய முகவரியைத் தேடி வரும்போது அங்கே நிரல் இல்லை. வீட்டை இடித்த பிறகு ஆள் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி. பிடுங்கிய நொடியிலேயே விழாமல் கொஞ்சம் கழித்து விழுவது அதனால்தான். பதிவு மென்பொருளை முதலில் மூடிவிட்டுப் பிடுங்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இடி அதற்கெல்லாம் காத்திருக்காது.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். புதிய டிரைவர் போடச் சொன்னார்கள். போட்டேன், அதே நீலம்.

கடைசியில் டிவைஸ் மேனேஜரில் அவர்கள் டிரைவரைக் கோப்போடு சேர்த்து நீக்கினேன். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், யூஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கான பொது டிரைவர், 'யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2', உள்ளேயே இருக்கிறது. இந்தக் கார்டு அதற்கு ஒத்துப்போகிறது. ஒலியைத் தாமதமில்லாமல் கொண்டுவரும் ஏசியோ வசதி போய்விட்டது, கணினி வழியாக என் குரலை நானே கேட்டால் கொஞ்சம் பிந்தி வருகிறது. பாட்டியைப் பதிய அது தேவையில்லை. அதன் பிறகு ஆறு முறை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தேன், விழவில்லை.

சரி, தம்பிக்கு என் பதில்: வாங்காதே. தன் டிரைவரைக்கூட ஒழுங்காக எழுதாதவர்களுக்கு உன் வெள்ளி போக வேண்டாம். நான் விற்கப்போவதில்லை. பாட்டி மறுபடி பாடச் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமை இதே கார்டோடுதான் போகிறேன், காலையிலேயே, மழைக்கு முன்.