அமானோவா, செர்ரியா?

மீன்தொட்டியில் பாசி படர்ந்தால் அதைத் தின்ன இறால் விடலாம். எந்த இறால் என்பதில்தான் குழப்பம். சேலத்து வெயிலில் அமானோ, செர்ரி என்ற இரண்டு வகை இறாலையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன்.

பாசி தின்பது: அமானோதான் ராட்சசன். கண்ணாடிபோல உடம்பு, பக்கவாட்டில் புள்ளிகள், 5 செ.மீ. வரை வளரும். முடிப்பாசியைக் கைகளால் மாற்றி மாற்றிப் பிய்த்து வாயில் திணிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செர்ரி சுமார் 3 செ.மீ.தான் வரும், மெல்லிய படலத்தைச் சுரண்டும், அவ்வளவே. ஆனால் மீனுக்குப் போடும் உருண்டையை அமானோ தூக்கிக்கொண்டு ஓடும். வயிறு நிறைந்தால் பாசிப்பக்கம் எட்டிப் பார்க்காது!

விலை: ஓர் அமானோ வாங்கும் காசில் செர்ரி நாலைந்து வாங்கலாம்.

பெருக்கம்: செர்ரி நன்னீரிலேயே பொரிக்கும்; பத்து விட்டால் சில மாதத்தில் கூட்டம். அமானோ குஞ்சுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும், வீட்டில் லேசில் நடக்காத காரியம்.

வெயில்: இரண்டுக்கும் 28 டிகிரிக்கு மேல் ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டிமேல் சின்ன மின்விசிறி கட்டாயம். ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

தண்ணீர்: கொஞ்சம் கடினமான போர் தண்ணீரைச் செர்ரி தாங்கும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து இரண்டுக்குமே எமன்.

பெரிய தொட்டி, முடிப்பாசித் தொல்லை என்றால் அமானோ; மூடி அவசியம், ஏறி வெளியே வந்துவிடும். சின்னத் தொட்டி, முதல் முயற்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு செர்ரி.