ஜாகுவார் டி-டைப்: பழைய காரா, புதிதாகக் கட்டியதா?

1950-களின் பந்தயக் காரான டி-டைப்பை வாங்குவதா, 2018-ல் ஜாகுவாரே மறுபடி கட்டத் தொடங்கிய 25 கார்களில் ஒன்றை வாங்குவதா என்று குழம்புகிறவர்களுக்கு:

வரலாறு
பழையது: எக்ஸ்கேடி 501 என்ற சேஸி (அடிச்சட்ட) எண் கொண்ட டி-டைப்பைப் பாருங்கள். எக்யூரி எக்கோஸ் என்ற ஸ்காட்லாந்து அணிக்காக ஃபிளாக்ஹார்ட்டும் சாண்டர்சனும் ஓட்டி, 1956 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். அடேயப்பா!
புதியது: அப்படி எதுவும் இல்லை.

விலை
பழையது: அந்த எக்ஸ்கேடி 501 கார் 2016 ஏலத்தில் 2.178 கோடி டாலர்.
புதியது: அதில் சிறு பங்கு.

ஆவணம்
பழையது: சேஸி எண், எஞ்சின் எண், கைமாறிய வரிசை எல்லாம் பொருந்த வேண்டும். பந்தயத்தில் அடிபட்டுப் பாகங்கள் மாறியிருக்கலாம்.
புதியது: இந்தத் தலைவலி கிடையாது.

டிராக்கில் துணிந்து ஓட்டப் புதியது போதும். பந்தய வரலாறுதான் வேண்டுமென்றால் பழையதுதான். ஆனால் ஆவணம் பொருந்தாவிட்டால் தொடவே வேண்டாம்.